பதினோராம் கட்டிலுக்குப் போன பழச்சாறு

அந்த மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் சுளிப்பக்கா. முகத்தை அப்படிச் சுளிப்பாள். மூக்கின் இரண்டு பக்கமும் மடிப்பு விழும், மேலுதடு ஒரு ஓரமாக ஏறிக்கொள்ளும், கெட்டுப்போன பாலை மோந்து பார்த்தவள் போலிருக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ்கள் தங்களைப் பார்த்துத்தான் சுளிக்கிறாள் என்று முதலில் நினைத்துக்கொள்வார்கள். சிலர் கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுக்கூட வந்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் விஷயம் விளங்கிவிடும். அவள் சுளிப்பது ஆட்களைப் பார்த்து இல்லை, ஆட்கள் கம்ப்யூட்டரில் அனுப்பிவைக்கும் கோப்புகளைப் பார்த்து. அவளையே கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள்.

அவளுடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அறை என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு பக்கம் கூரை சரிந்து வந்து தலையை இடிக்கும். மாடிக்கு ஏறுகிறவர்களின் காலடி நாள் முழுக்கத் தலைக்கு மேலேயே தடதடக்கும். அங்கே ஒரு மேசை, இரண்டு திரைகள், இருமிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர். மாடியில் இருக்கிறவர்கள் கீழே அனுப்புவதும், கீழே இருக்கிறவர்கள் மாடிக்கு அனுப்புவதும் அவள் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் அவள் கூடப் பிறந்த தம்பி.

தம்பி அதே மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். வேலை காலியாக இருக்கிறது என்று சொன்னதும் அவள்தான், நேர்முகத்துக்குப் போன அன்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் அவள்தான். கெட்டிக்காரன். ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வேலைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே, காசு கொடுத்து வாங்கும் ஆபீஸ் மென்பொருள் எதற்கு, அதே வேலையைச் செய்யும் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறதே, அதன் கோப்பு முறை யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது என்று பேச ஆரம்பித்தான். மேலதிகாரிகளுக்கு மற்றது எதுவும் ஏறவில்லை, இலவசம் என்பது மட்டும் ஏறியது. ஆனால் மாடியிலிருந்த டாக்டர்களும் கணக்குப் பிரிவும் பழசை விடமாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அவர்களுக்குத் தலைவர் போல முன்னால் நின்றவர் கொள்முதல் மேனேஜர். கடைசியில் இரண்டு கட்சிக்கும் நோகாமல் ஒரு முடிவு எடுத்தார்கள். மாடிக்குக் காசு கொடுத்து வாங்கியது. கீழேயிருக்கும் சமையலறை, சலவை, கிடங்கு எல்லாவற்றுக்கும் இலவசம்.

அன்றிலிருந்து மருத்துவமனையில் இரண்டு விதக் கோப்புகள். ஜனங்கள் அதன் முறையான பெயரையெல்லாம் மனப்பாடம் செய்யவில்லை. மாடியிலிருந்து வந்தால் அது காசு ஃபைல், கீழேயிருந்து போனால் சும்மா ஃபைல். ஒன்றை மற்றதில் திறக்க முடியும். திறக்க முடியும் என்பதுதான் வம்பே. திறக்கவே முடியாது என்றால் எல்லோரும் உஷாராக இருந்திருப்பார்கள். திறந்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். உற்றுப் பார்த்தால்தான் எங்கேயோ ஒரு வரி கீழே இறங்கியிருக்கும், ஒரு கோடு காணாமல் போயிருக்கும், பக்க எண் அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போயிருக்கும். அதையெல்லாம் நிமிர்த்தி, தட்டி, ஒழுங்குபடுத்தி அனுப்புவதுதான் சுளிப்பக்காவின் வேலை. இரண்டு மென்பொருளும் இருந்தது அவளுடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

வேலையில் அவளுக்குக் கஷ்டம் கிடையாது. அருவருப்பு மட்டும்தான். ஒரு கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக, ஒளிந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அமுக்குவாள். அதுவரை வெள்ளையாகப் பளிச்சென்று இருந்த பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக எழும்பி வரும். ஒரு சொல்லை நடுவில் கொண்டுவர வேண்டும் என்பதற்காக யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டு தட்டு என்று தட்டியிருப்பார்கள். அடுத்த பக்கத்துக்குப் போக எண்டரை வரிசையாக அமுக்கியிருப்பார்கள். வாரிப் பின்னிப் பூ வைத்த தலையைப் பிரித்துப் பார்த்தால் மயிருக்கு மயிர் ஈர் ஒட்டியிருப்பது போல இருக்கும் அவளுக்கு.

"படிச்சவங்கதான? ஒரு கட்டம் போடத் தெரியாதா?" என்று வீட்டில் கணவனிடம் பொருமுவாள்.

கணவன் பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் வேலை செய்தான். நாள் முழுக்க ரப்பர் நாற்றத்தில் நின்றுவிட்டு வருகிற ஆள். "விடேன். உங்க ஆஸ்பத்திரில நெசமாவே அழுக்கு அள்றவங்க எத்தன பேர் இருக்காங்க. உனக்கு ஏசி ரூமு" என்பான்.

"அந்த அழுக்கு கண்ணுக்குத் தெரியுது. தெரிஞ்சா ஆள் வெலகிப் போவான். இது தெரியாது."

அவள் மிகவும் வெறுத்தது டயட் மேடம் அனுப்பும் உணவுப் பட்டியலை. டயட் மேடம் என்பவர் நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு என்று தீர்மானிக்கும் அதிகாரி. தினமும் காலையில் வார்டுக்கு ஒரு பட்டியல் தயாரித்துக் கீழே அனுப்புவார். வலது பக்கம் சாப்பாடு, கட்டம் கட்டமாக. இடது பக்கம் கட்டில் எண். ஆனால் எண்கள் அந்தந்தக் கட்டத்துக்குள் இருக்காது. இடது ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரே நீளமான கட்டம் போட்டு, அதற்கு வெளிர்நீலம் பூசி, அதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்டர் தட்டித் தட்டி இறக்கியிருப்பார். அவர் மேசையில் பார்த்தால் எண்ணுக்கு நேரே சாப்பாடு கச்சிதமாக நிற்கும். அதே கோப்பு கீழே போய்த் திறந்தால் எழுத்து மாறும். அங்கே அந்த எழுத்துரு இல்லை, இருப்பதைப் போட்டுக்கொள்ளும், அது கொஞ்சம் அகலம். உடனே ஒரு சாப்பாட்டு வரி மடிந்து இரண்டு வரியாகும். எண்கள் மடியாது. அவ்வளவுதான், அந்த இடத்திலிருந்து கீழேயுள்ள எல்லா எண்களும் பக்கத்துச் சாப்பாட்டோடு போய் நிற்கும்.

இதைச் சுளிப்பக்கா பலமுறை நேரில் போய்ச் சொல்லியிருந்தாள்.

"மேடம், நம்பர ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் தனித்தனியாப் போட்டுருங்க. அப்பறம் எது நகந்தாலும் சேந்தே நகரும்."

"கோடு கோடா இருந்தா ஜெயில் கம்பி மாதிரி இருக்கும்மா. இதுதான் பாக்க அழகா இருக்கு. நீதான் சரி பண்ணிடுறியே."

அவளும் தினமும் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மகளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிப் போய், பிடுங்கியே ஆக வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். அவள் முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு லீவு போட்டாள். தன் இடத்தில் யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டாள். "ஒரு நாள்தானே, கீழ நேரா அனுப்பிக்கச் சொல்றேன்" என்றார் மாடியில் லீவு கொடுக்கும் அதிகாரி. அப்படியே நேராக அனுப்பினார்கள்.

சமையலறையில் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பெருத்த உடம்பு, சின்னக் குரல். பட்டியலை அச்செடுத்துச் சுவரில் மாட்டி, அதைப் பார்த்துத் தட்டு தட்டாகப் பிரித்து அனுப்புவது அவர் வேலை. அன்றும் அதைத்தான் செய்தார். ஒன்பதாம் கட்டிலிலிருந்து கீழே எல்லாம் ஒரு படி இறங்கியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? முன்பு ஒரு தடவை, உப்பில்லாதது என்று போட்டிருக்கிறதே, நேற்றுவரை உப்புப் போட்டுத்தானே கொடுத்தோம் என்று மாடிக்குப் போன் செய்து கேட்டவரை, "உங்க வேல சமைக்கிறது, டாக்டர் வேல பாக்கறதில்ல" என்று டயட் மேடம் அறைந்த மாதிரி சொல்லியிருந்தார். அதன்பின் மாஸ்டர் வாயைத் திறந்ததில்லை.

பதினோராம் கட்டிலில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். சிறுநீரகம் கெட்டுப்போனவர். அவருக்குத் தண்ணீரே அளந்துதான். அன்று அவருக்கு உப்புப் போட்ட சூப்பும், பெரிய டம்ளர் நிறையப் பழச்சாறும் போயிற்று. எத்தனையோ நாளாக நாக்குச் செத்துக் கிடந்த மனுஷன். இன்றைக்கு நல்ல சாப்பாடு போட்டிருக்கிறார்கள், உடம்பு தேறிவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தார். மறுவேளையும் அப்படியே வந்தது, அப்படியே குடித்தார். சாயங்காலம் மூச்சு முட்டத் தொடங்கியது. படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் காலையில் சுளிப்பக்கா வேலைக்கு வந்தபோது மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று உத்தரவு. அவள் சமையலறைக்குப் போய்ச் சுவரில் தொங்கிய பட்டியலைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எட்டாம் கட்டிலின் சாப்பாட்டு வரி மடிந்து இரண்டாகியிருந்தது. வெளிர்நீலம் மட்டும் அழகாக, ஒரு சேதமும் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஓடியது.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம் போட்டார்கள். நீளமான மேசையின் தலைமாட்டில் மருத்துவக் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். வயதான அம்மாள், எப்போதும் களைத்தே இருப்பவர். ஒரு பக்கம் கொள்முதல் மேனேஜர், எதிர்ப்பக்கம் தம்பி, நடுவில் எங்கேயோ டயட் மேடம். சுளிப்பக்காவுக்குக் கதவோரம் ஒரு நாற்காலி. ஓட்டுநரின் மகளையும் வரச் சொல்லியிருந்தார்கள். துணிக்கடையில் வேலை செய்கிறவள், கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"எங்கப்பாவுக்கு என்ன குடுத்தீங்க? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

கண்காணிப்பாளர் அம்மாள் வாயைத் திறப்பதற்குள் கொள்முதல் மேனேஜர் முந்திக்கொண்டார். "அது வந்தும்மா, மேல நாங்க அனுப்புனது சரியாத்தான் இருந்துச்சு. கீழ இலவசமாக் கெடச்சத ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க. அது ஒழுங்காத் தெறக்கல. உலகம் பூரா பயன்படுத்துறத விட்டுட்டு..."

"உலகம் பூரா பயன்படுத்துனா அது சரியாயிடுமா?" தம்பி எழுந்தே விட்டான். "உங்க ஃபைல் உள்ள என்ன இருக்குன்னு அத வித்தவனுக்குத்தான் தெரியும். எங்களோடது திறந்த முறை. எல்லா விவரமும் வெளிப்படையா எழுதி வெச்சிருக்கு. அளவுலயும் சின்னது. நீங்க எல்லாரும் இதுக்கு மாறியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது."

"சின்னதா இருந்து என்ன பிரயோஜனம்? தெறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துரலாம்."

"பழைய கம்ப்யூட்டரத்தான கீழ தள்ளி விட்டீங்க? அதுல எது வேகமாத் தெறக்கும்?"

அந்தப் பெண் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் பார்வையை மாற்றிக்கொண்டே இருந்தாள். அளவு, வேகம், எழுத்துரு, உரிமம் என்று பேச்சு சூடேறியது. தம்பி தன் மடிக்கணினியைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே வைத்து, இரண்டு கோப்பின் அளவையும் சுட்டிக்காட்டினான். "பாருங்க, இங்க பாருங்க, பாதிதான்."

அவள் திரையைப் பார்க்கவில்லை. கண்காணிப்பாளரைப் பார்த்து, "இவங்க என்ன மேடம் சொல்றாங்க? எங்கப்பா குழாய மாட்டிக்கிட்டுக் கெடக்கறாரு" என்று மட்டும் கேட்டாள்.

சுளிப்பக்கா தன் தம்பியைப் பார்த்தாள். நல்லதைச் செய்கிறோம் என்ற நினைப்பில் அவன் முகம் பளபளத்துக்கொண்டிருந்தது. எழுந்து, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, நடைபாதை பெஞ்சில் உட்காரவைத்தாள். "உங்கப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்காரரோட சாப்பாடு போயிடுச்சும்மா. காகிதத்துல நம்பர் ஒரு வரி தள்ளி நின்னுடுச்சு. அதான் நடந்தது" என்றாள்.

"இத ஏன் அவங்க சொல்லல?"

"சொன்னா அவங்க சண்ட முடிஞ்சிரும்ல."

கூட்டத்தின் முடிவில், எந்தக் கோப்பு முறை நல்லது என்று சோதித்துப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும், அதை வைத்து ஒரு கமிட்டி முடிவெடுக்கும் என்று தீர்மானமாயிற்று. இரண்டு மென்பொருளும் இருப்பது சுளிப்பக்காவிடம்தான், அதனால் சோதனை அவள் தலையில் விழுந்தது. மாஸ்டரின் விசாரணை தள்ளிப்போனது.

வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் கையில் எடுத்த வேலையைப் பாதியில் விடும் புத்தி அவளுக்கு இல்லை. மருத்துவமனையில் புழங்கும் எல்லா ரகத்திலும் ஒவ்வொன்று எடுத்தாள். வெறும் எழுத்து மட்டும் உள்ள கடிதம், படம் உள்ள சுற்றறிக்கை, பெரிய அட்டவணை, உணவுப் பட்டியல். ஒவ்வொன்றையும் இரண்டு முறையிலும் சேமித்து, எடை, அதாவது கோப்பின் அளவு, பார்த்து, திறக்க எவ்வளவு நேரம் என்று பார்த்து, பிறகு இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடிதம் சும்மா ஃபைலில் கொஞ்சம் சின்னதாக இருந்தது. பெரிய அட்டவணை காசு ஃபைலில் சீக்கிரம் திறந்தது. மற்றபடி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒழுங்காகக் கட்டம் போட்டு எழுதியது எந்தப் பக்கம் போனாலும் ஒழுங்காகவே இருந்தது. ஸ்பேஸ் தட்டியும் எண்டர் தட்டியும் ஒட்டவைத்தது எந்தப் பக்கம் போனாலும் சரிந்தது.

இரண்டு முறையிலும் உணவுப் பட்டியல்தான் மிகக் கனமாக இருந்தது, ஏன் என்று குடைந்து பார்த்தாள். தலைப்பில் மருத்துவமனையின் சின்னம் இருந்தது. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிய படத்தைப் போட்டுவிட்டு, சுட்டியால் இழுத்துச் சின்னதாக்கியிருந்தார்கள். படம் சின்னதாகத் தெரிந்ததே தவிர, உள்ளே முழுசாகத்தான் கிடந்தது, பக்கத்துக்குப் பக்கம். அதை எடுத்துவிட்டால் இரண்டு முறையிலும் கோப்பு நொடியில் திறந்தது. இதற்காகவா இத்தனை வருஷம் இவன் சின்னது என்றும் அவர் வேகம் என்றும் குடுமியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்தாள். யாரோ குளியலறையில் வழுக்கி விழுந்ததற்கு எந்தச் சோப்பு நல்லது என்று சண்டை போட்ட கதையாக இருந்தது.

எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில், குற்றம் எந்தக் கோப்பு முறையிலும் இல்லை, பட்டியலைப் போட்ட விதத்தில் இருக்கிறது, மாடியும் கீழும் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளட்டும், எதுவானாலும் சரி என்றும் எழுதித் தம்பிக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று அனுப்பினாள். அறிக்கை எழுத வேண்டியது அவர்கள் பொறுப்பு.

அறிக்கை ஒன்று வரவில்லை, இரண்டு வந்தன. மேனேஜருடையதில் பெரிய அட்டவணை காசு ஃபைலில் சீக்கிரம் திறந்தது மட்டும் இருந்தது. தம்பியுடையதில் கடிதம் சும்மா ஃபைலில் சின்னதாக இருந்தது மட்டும் இருந்தது. எண்டர் தட்டியது, வெளிர்நீலம், சின்னத்தின் கனம் எதுவும் இரண்டிலும் இல்லை. ஆனால் சோதித்தவர் என்று போட்டு இரண்டிலும் அவள் பெயர் இருந்தது. அதுவும் தடித்த எழுத்தில்.

மேனேஜரிடம் அவள் வேறு எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. தம்பியைத்தான் தாங்க முடியவில்லை. விடுமுறை நாளில் வழக்கம்போல மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். தட்டைப் போட்டு, முன்னால் அறிக்கையையும் வைத்தாள்.

"பாதியத்தான போட்டிருக்க?"

"எது தேவையோ அதப் போட்டேன்கா."

"மீதி?"

"உனக்கு இதோட பெரிய விஷயம் புரியாது. நாளைக்கு எல்லா ஆஸ்பத்திரியும் இதுக்கு மாறப் போவுது. இப்ப நாமளே நம்ம மேல சேத்த வாரிப் பூசிக்கணுமா?"

"அந்த ஆளு மூச்சு விட முடியாம கெடந்தாரு."

"அதுக்கு நானா காரணம்? மேடம் கட்டம் போட்ட லட்சணத்துக்கு..."

"அதத்தான் எழுதியிருந்தேன். அத ஏன் எடுத்த?"

தம்பி கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். சின்னக் குரலில், "மேடம் இப்ப நம்ம பக்கம்கா. கமிட்டில நம்ம முறைக்கு ஆதரவாப் பேசறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களப் போய் எழுதினா?" என்றான்.

"அப்ப மாஸ்டரு?"

"அவருக்கு எங்கயாச்சும் வேல கெடைக்கும். சமையல்தான."

சுளிப்பக்கா எழுந்துபோய்க் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். குமட்டியதே தவிர ஒன்றும் வரவில்லை. கணவன் பின்னால் வந்து முதுகைத் தடவினான். "சாப்பாடு ஒத்துக்கலியா?" என்று கேட்டான்.

"ஆளு ஒத்துக்கல" என்றாள், திரும்பாமலே, உள்ளே உட்கார்ந்திருந்தவன் காதில் விழும்படி.

தம்பி சாப்பிடாமலே எழுந்து போனான். அதன்பின் நடைபாதையில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுவாரம் கண்காணிப்பாளர் அம்மாளைப் போய்ப் பார்த்தாள். "ரெண்டு ரிப்போர்ட்லயும் என் பேர எடுத்துருங்க மேடம்."

"ஏம்மா? ரெண்டு கட்சியும் உன்னத்தான் சாட்சியா வெச்சிருக்காங்க. நல்லதுதான?"

"ஒருத்தர் என் தலைய அறுத்து எடுத்துக்கிட்டாரு, ஒருத்தன் கால எடுத்துக்கிட்டான். ரெண்டு பேரும் இதுதான் அவள்னு காட்டுறாங்க. எனக்கு அருவருப்பா இருக்கு மேடம்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். கூடவே, மாஸ்டரின் விசாரணைக்கு வந்து தெரிந்ததைச் சொல் என்றும் சொன்னார்.

விசாரணையில் அவள் சொன்னாள். சமையலறைக் கம்ப்யூட்டரிலேயே கோப்பைத் திறந்து, எட்டாவது வரி மடிவதை எல்லோருக்கும் காட்டினாள். டயட் மேடம் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப இதத் தெனமும் சரிபண்றவங்க அன்னைக்கு எங்க போனாங்க?" என்று கேட்டார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள் என்று கண்காணிப்பாளர் அம்மாள் சொன்னதும், தோளைக் குலுக்கிக்கொண்டு தன் கைப்பையைச் சரிசெய்துகொண்டார்.

மாஸ்டரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். சும்மா இல்லை, கவனக்குறைவு என்று எச்சரிக்கை கொடுத்து. பட்டியல் போட்டவருக்கோ, நேராக அனுப்பச் சொன்னவருக்கோ எதுவும் இல்லை. வேலைக்கு வந்த முதல் நாள் மாஸ்டர் மாடிப்படி அறைக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மாஸ்டர் உட்காரவில்லை. "நீ அன்னைக்கு வந்திருந்தா இது நடந்திருக்காது" என்றார்.

"புள்ளைக்குப் பல்லு பிடுங்கப் போனேன் மாஸ்டர்."

"தெரியும். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

போய்விட்டார். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது அவளுக்கு. இவருக்காகத்தானே தம்பியைப் பகைத்துக்கொண்டோம் என்று நினைத்தாள். அப்புறம், அவருக்காகவா பகைத்துக்கொண்டோம் என்றும் நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை. கையிலிருந்த வேலையைப் பார்த்தாள்.

அன்று அவள் செய்த வேலை ஒன்றுதான். கட்டமும் இல்லாத, நிறமும் இல்லாத, சின்னமும் இல்லாத ஒரு பட்டியலைத் தயாரித்தாள். ஒரு வரிக்கு ஒரு நோயாளி. முதலில் கட்டில் எண், ஒரு கோடு, அப்புறம் சாப்பாடு. வெறும் எழுத்து. அதை எந்தக் கம்ப்யூட்டரில் எப்படித் திறந்தாலும் எண்ணும் சாப்பாடும் பிரியாது. இப்படி வந்தால் மட்டும் சமையுங்கள், வேறு எப்படி வந்தாலும் திருப்பி அனுப்புங்கள் என்று சமையலறையில் சொல்லிவைத்தாள். கண்காணிப்பாளர் அம்மாள் அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"இவ்ளோ அசிங்கமாவா இருக்கணும்?" என்று டயட் மேடம் புலம்பினார். ஆனாலும் அதன்பின் எந்தத் தட்டும் மாறிப் போகவில்லை.

ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். பல நாள் கழித்துச் சக்கர நாற்காலியில் வெளியே போனபோது மகள் மாடிப்படி அறையின் வாசலில் நிறுத்தி, "இவங்கதாம்ப்பா" என்றாள். யார் என்று அவருக்குப் புரியவில்லை. பழச்சாறு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோப்புச் சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை. கமிட்டி இரண்டையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மூன்றாவதாக ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தது. மருத்துவமனைகளுக்கென்றே செய்தது என்றார்கள். அது தனக்கென்று ஒரு புதுக் கோப்பை எழுதியது. அதைக் காசிலும் திறக்க முடியவில்லை, சும்மாவிலும் திறக்க முடியவில்லை. அதனால் டாக்டர்கள் அதில் எழுதி, அதைத் திரையோடு போனில் படம் பிடித்து, அந்தப் படத்தைக் காசு ஃபைலில் ஒட்டிக் கீழே அனுப்ப ஆரம்பித்தார்கள். சுளிப்பக்காவுக்கு மூன்றாவது திரை ஒன்று கொடுத்தார்கள். அதை வைக்க இடமில்லாமல் பிரிண்டரைத் தரையில் இறக்கினாள்.

தம்பி திரும்பி வந்தது மழை விட்ட ஒரு விடுமுறைக் காலையில். வாசலில் நின்று செருப்பைக் கழற்றாமல் யோசித்துக்கொண்டிருந்தவனைக் கணவன்தான் உள்ளே கூப்பிட்டான். திறந்த கோப்பு முறைகளைப் பற்றி ஒரு பெரிய மாநாடு, அதில் பேச அவனை அழைத்திருந்தார்கள். கட்டுரையை அனுப்பினால், மாநாட்டுக்காரர்கள் காசு ஃபைலில்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், அவர்களுடைய அச்சகத்துக்கு அதுதான் தெரியுமாம். மாற்றினால் பக்கமெல்லாம் கலைந்து போகிறது.

"ரெண்டும் உங்கிட்டதான இருக்கு. கொஞ்சம் பாத்துக் குடேன்" என்றான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அவள் அவனுடைய மடிக்கணினியைத் திறந்து, பொத்தானை அமுக்கினாள். திரை முழுக்கப் புள்ளி. தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ். பத்திக்குப் பத்தி இடைவெளிக்கு எண்டர். திறந்த முறையின் மேன்மை என்ற தலைப்புக்கு அடியிலேயே எண்டர் சாரை சாரையாக நின்றது. தம்பியும் பார்த்தான். காது மடல் சிவந்துபோனது.

"அவசரத்துல அடிச்சது" என்றான்.

அவள் மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். "நான் சரிபண்ண மாட்டேன். பக்கத்துல உக்காந்து சொல்றேன், நீயே பண்ணு. ஒவ்வொண்ணா எடு."

மத்தியானம்வரை அவன் ஒவ்வொன்றாக எடுத்தான். விட்டதை அவள் விரலால் காட்டினாள். மகள் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா என்ன தப்புப் பண்ணாரு?" என்று கேட்டாள். அவன் அடுத்த எண்டரை அழித்தான். முடிந்ததும் கணவன் சாப்பிடக் கூப்பிட்டான், எல்லோரும் சாப்பிட்டார்கள். மகளின் புதுப்பல் கோணலாக முளைப்பதைப் பற்றிப் பேசினார்கள்.

கிளம்பும்போது தம்பி வாசலில் செருப்பை மாட்டினான். "மாஸ்டர் விஷயத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"ஆமா."

"அவருகிட்ட நான் போய்ப் பேசவா?"

"பேசேன். எங்கிட்ட கேட்டுக்கிட்டா போகணும்?"

அவன் தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினான். பேசினானா என்று அவள் மாஸ்டரிடம் விசாரிக்கவில்லை. மாஸ்டரும் சொல்லவில்லை. மாநாட்டில் தம்பி நன்றாகப் பேசினான் என்றும், கைதட்டல் அடங்க நேரமாயிற்று என்றும் பிறகு கேள்விப்பட்டாள்.